வரிசை 118

மதியம் இரண்டரைக்குக் கரண்ட் போகும்.
காரைக்குடி வெயிலில் எங்கள் ஆய்வு நூலகத்தில்
முதலில் முனகுவது சர்வர்தான்.
அந்த முனகலுக்கு நடுவே வந்து நின்றார்
வெள்ளைக்கண்ணு,
ஆவாரங்குடிப்பட்டித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்.
சட்டைப் பையில் நான்காய் மடித்த தாள்.
அதில் பள்ளிக்கூட டீச்சர் எழுதிக் கொடுத்த
கட்டுரைத் தலைப்பு.
"எங்க ஊர்த் தண்ணியப் பத்தியாம். குடுங்க."

தேடினேன். இருந்தது.
சுருக்கம் மட்டும் இலவசம்,
மீதிக்கு முப்பத்தொன்பது டாலர்.
அந்தச் சந்தாவை நாங்கள் நிறுத்தி
இரண்டு பட்ஜெட் ஆகிறது.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
பூட்டுப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.
"வாளி போட்டு மொண்டு குடுத்ததே நாந்தான்.
அந்தப் புள்ளை பாட்டிலைப் பிடிக்கும், நான் ஊத்துவேன்.
ரெண்டு வருசம். வாராவாரம்."
பிறகு, கோபமில்லாமல்,
"முப்பத்தொம்போதுன்னா நம்ம காசுல எவ்வளவு?"

நான் சொல்லவில்லை.
காலணா பிசகாமல் வட்டி எழுதிய ஊரில்
பெருக்கத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தேன்.
அவர் போனபின் ஐந்தொகை போட்டுப் பார்த்தேன்:
தண்ணீர் ஊருடையது.
பாட்டிலும் பஸ் காசும் அரசு மானியம்.
கட்டுரையைச் சரிபார்த்த மூவருக்கும் கூலி கிடையாது.
பூட்டு மட்டும் அவர்கள் முதலீடு.

ரஹ்மத்நிஷா இப்போது நார்வேயில்.
அன்றிரவே பதில் வந்தது:
அட்டவணை இருக்கிறது, சாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.
சார் சொன்னார்:
இன்னும் இரண்டு கட்டுரை இருக்கிறது அதில்,
வெளியே விட்டால் எவனாவது முந்திக்கொள்வான்.
நியாயமான பயம். அதற்கும் ஒரு கட்டம் உண்டு படிவத்தில்.
நிரப்பினேன்: தடைக்காலம், ஆறு மாதம்.
இடையில் மூன்று முறை வந்தார் வெள்ளைக்கண்ணு.
ஒருமுறை மகளையும் கூட்டிவந்தார்.
வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள் அவள்.

கோப்பு வந்தது.
பெயர்: கடைசி_புதுசு_இதுதான்கடைசி.
நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
சில தேதியில் நாள் முதலில், சிலவற்றில் மாதம்.
ஒரு பத்தியின் தலையில் வெறும் 'எஃப்'.
அதன்கீழ் சில கட்டம் பூஜ்யம், சில காலி,
சிலவற்றில் 99.

பூஜ்யம் என்றால் ஃப்ளோரைடு இல்லை.
காலி என்றால் அளக்கவில்லை.
99?
கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை.
"அன்னிக்கும் போனேன் மேடம். தண்ணிதான் இல்லை."

மூன்று இல்லைகளையும் பிரித்து எழுத
இரண்டு வாரம் பிடித்தது.

தடைக்காலம் முடிந்த காலை திறந்துவைத்தேன்.
கட்டணமில்லை, கடவுச்சொல் இல்லை,
பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம்.
அவருக்கு அச்செடுத்தேன், பதினோரு பக்கம்.
நின்றபடியே விரல் ஓட்டிப் படித்தார்.
118இல் நின்றது விரல்.
"இது பள்ளிக்கூடத்துக் கைப்பம்பு இல்லையே.
அன்னிக்குப் பம்பு ரிப்பேரு, ஊருணியில மொண்டோம்.
மேலயும் கீழயும் பாருங்க,
பம்புக்கு எல்லாம் ரெண்டுக்கு மேல.
இது மட்டும் அரைகூட இல்லை."

உண்மைதான். 0.4.
நெறியாளர், மாணவி, மதிப்பிட்ட மூவர், நான்.
அத்தனை பேர் கண்ணையும் கடந்துபோயிருக்கிறது
ஒரு வாளி.

இரண்டாம் பதிப்பு போட்டேன்.
திருத்தம்: வரிசை 118, எடுத்த இடம்.
தரவு சேகரித்தோர் பட்டியலில்
இன்னொரு பெயர் சேர்க்க இனிஷியல் கேட்டேன்.
"எதுக்கு?" என்றார்.
கொஞ்சம் கழித்து, "மு." என்றார்.

இதுவரை ஏழு பேர் இறக்கியிருக்கிறார்கள்.
அதில் இரண்டு நானே, சரிபார்க்க.
சுத்திகரிப்பு இயந்திரம் வரவில்லை,
மனு கலெக்டர் அலுவலகத்தில் கிடக்கிறது.
மோட்டார் ரூம் கதவில் ஆறாம் பக்கத்தை ஒட்டி
'எஃப்' பத்திமேல் சிவப்பில் கோடு போட்டிருக்கிறாராம்.
குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் படிக்கிறார்களாம்.
படித்துவிட்டு,
99 என்றால் என்ன என்று கேட்கிறார்களாம்.

அதை அவரே சொல்லிவிடுகிறார்.