மண் மாதிரி எடுக்கும் முறை

வரப்போரம் எடுக்கக் கூடாது.
மர நிழலில், எரு குவித்த இடத்தில்,
மடைவாயில் எடுக்கக் கூடாது.
வயலுக்குள் கோணல்மாணலாய் நடந்து
பத்து இடத்தில் மேல்புல்லைச் செதுக்கி
அரையடி ஆழத்துக்குச் சாய்த்து வெட்டி
குழியின் பக்கச் சுவரை
விரல் கனத்துக்குச் சீவ வேண்டும்.

பின்னாலேயே வருகிறாள் சொர்ணபாய்,
பிளாஸ்டிக் வாளியோடு.
தகர வாளி ஆகாது என்று
போன தடவை சொன்னதை மறக்கவில்லை.

சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாய்ப் பரப்பி,
நாலாய் வகிர்ந்து
எதிரெதிர் இரண்டைத் தள்ளுகிறேன்.
மிச்சத்தைக் கலந்து திரும்ப நாலாக்கி
திரும்ப இரண்டைத் தள்ள,
"எனக்க மாமனார் பாகம் வச்சது
இப்படித்தான் மேடம்" என்கிறாள்.
"தள்ளின பங்கு எங்களுக்கு."

அரைக் கிலோ மிஞ்சும்வரை.

சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும்,
மை ஈரத்தில் கரையும்.
சர்வே எண், உட்பிரிவு.
முந்தைய பயிர்: கும்பப்பூ நெல்.
ரகம்: திருப்பதிசாரம் அஞ்சு.
விவசாயி பெயர்:

பட்டா ஷெல்டன் பேரில்.
ஷெல்டன் மஸ்கட்டில்.
பதினோரு கும்பப்பூவும் பதினோரு கன்னிப்பூவும்
இவள் அறுத்த வயல்.
பாட்டம் வாய்ச்சொல்.
அளந்து கொடுத்த நெல்
எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.
அவள் பேரை எழுதினேன்.
கணினி ஏற்காமல் திருப்பி அனுப்பியது.

அட்டை வந்தது, ஷெல்டன் பேரில்.
அங்ககக் கரிமம் குறைவு.
தழைச்சத்து குறைவு.
மணிச்சத்து மட்டும் அதிகம்.
"எனக்க ரத்த டெஸ்டும் இதுபோலத்தான்,
எல்லாம் கீழ, சர்க்கரை மட்டும் மேல."

மாவிளைக்குளம் தூர்வார உத்தரவு வந்த பங்குனி.
வண்டல் இலவசம். வண்டிக்கூலி நம்முடையது.
கிராம நிர்வாக அலுவலர் சான்று,
தாசில்தார் அனுமதி,
பட்டாதாரர் ஒப்புதல்.

திட்டுவிளை பஸ் ஸ்டாப்பில் நின்று
ஷெல்டனின் குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன்.
"மேடம், எத்தன லோடு உண்டோ அத்தனையும் அடிக்கட்டும்.
ரோட்டு மட்டத்துக்கு வரணும்.
மேக்கால நாலு கல்லு நட்டிருக்கேன்,
அதை மட்டும் தட்டிராம."

ஏக்கருக்கு இத்தனை கனமீட்டர் என்று அளவு உண்டு.
ரோட்டு மட்டம் அதற்குள் வராது.
வந்தாலும்
வண்டலில் அஸ்திவாரம் நிற்காது;
ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும்.
வீடு கட்ட வருகிறவன்
முதல் வேலையாக அதைத்தான் வழித்தெறிவான்.
கல்லூரியில் முதல் வருடப் பாடம்.
சொல்லியிருக்கலாம்.
"கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்க சார்"
என்று மட்டும் சொன்னேன்.

படிவத்தில் "நோக்கம்" என்று ஒரு கட்டம்.
மண்வள மேம்பாடு.
ஒரே வரி இரண்டு பேருக்கும் போதுமாயிருந்தது.

அனீஷின் டிராக்டர் பின்வாங்கிக் கொட்டுகிறது.
கறுப்பாய், சளசளத்து,
ஆம்பல் கிழங்கு, நத்தை ஓடு,
பிராந்திக் குப்பி,
ஏதோ பிள்ளையின் ஒற்றைச் செருப்பு.
குப்பியைப் பொறுக்கி வரப்பில் வைத்துவிட்டு
மம்பட்டியால் இழுத்து நிரவுகிறாள்.
குமித்த இடம் காயுமுன் நிரவ வேண்டும்,
அதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெள்ளையடித்த கல் நாலையும்
சுற்றி வந்து நிரவினாள்.
ஒன்றையும் தட்டவில்லை.
சாயங்காலம் பார்த்தபோது
கல் ஒவ்வொன்றும் மூணு விரல் குட்டையாகியிருந்தது.
"நான் ஒண்ணும் செய்யல்ல மேடம்,
மண்ணுதான் ஏறுது" என்று
காலைச் சானலில் கழுவினாள்.

புகைப்படம் எடுத்தேன், அட்சரேகை தீர்க்கரேகையோடு.
முன், பின் என்று இரண்டு.
பின் படத்தில் அவள் முதுகு விழுந்துவிட்டது.
பயனாளி தவிர வேறாள் வரக் கூடாது என்று விதி.
அதையே பதிவேற்றினேன்.

அடுத்த மாதிரி மூன்று வருடம் கழித்து.
வரப்போரம் எடுக்கக் கூடாது.
கல்லோரம் எடுக்கலாமா என்று
கையேட்டில் எதுவும் இல்லை.