தொழில்: கண்ணாடி

பீடோர் பழைய சாலையில்
ஆ லியோங் அலுமினியம், கண்ணாடிக் கடை.
பதினோரு வருடமாக அங்கே அறுக்கிறேன்.
வைரமுனையால் ஒரு கீறல், பிறகு ஒரு தட்டு.
கீறிய இடத்தில்தான் உடையும் என்று
வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள்.

அத்தை அலர்மேலுவுக்கு இன்னும் சிவப்பு ஐ.சி.
வயது அறுபத்தேழு. பிறந்தது இதே தோட்டத்து ஆறாம் லயம்.
பிறந்ததற்குக் காகிதம் இல்லை.
தம்பி, அதாவது என் அப்பா, பிறந்தபோது
கிராணி மாறியிருந்தார். அவருக்கு நீலம்.
உன் அப்பன் காகிதம் கொண்டு வா என்றார்கள் இலாகாவில்.
அப்பனுக்கும் இல்லை.
அப்பனுடைய அப்பன்?

தோட்டம் மூன்று கை மாறிவிட்டது.
பழைய பெரட்டுப் புத்தகங்கள்
மாரியம்மன் கோயில் ஸ்டோரில்,
பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும்
ஊமையான ஒலிபெருக்கிக்கும் பின்னால்
கறையான் தின்ற மிச்சம்.
சாவி வாங்கவே இரண்டு ஞாயிறு போனது.

மூன்றாம் ஞாயிறு கிடைத்தான்:
வீரபத்திரன். வயது 22. தொழில்: கண்ணாடி.
அடுத்த பக்கத்தில் வீரபுத்திரன்.
அதற்கடுத்து பீரபட்டன்.
மூன்று பேருக்கும் ஒரே கைநாட்டு,
பெருவிரலில் ஒரே வெட்டு.

படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.
கிள்ளான் மைத்துனன் தனபூஷணம்:
அரண்மனைக்கு நிலைக்கண்ணாடி வார்த்த பரம்பரை நாம்.
ஈப்போ சித்தி: வளையல் காய்ச்சியவர்கள்டா,
நம் வீட்டுப் பெண்களின் மணிக்கட்டைப் பார்.
சிங்கப்பூரிலிருந்து ஒருவன்:
மூக்குக்கண்ணாடி போட்டிருந்திருப்பான்,
அடையாளத்துக்கு எழுதியிருப்பார்கள்.
ஒரு சொல்லுக்குள் ஆளாளுக்கு
முகம் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு உலை பிடித்திருந்தது.
உவர்மண்ணும் மணலும் உருகிச் சிவந்து
குழல் நுனியில் தேன்போல் தொங்க
அவன் கன்னம் உப்பி ஊதுவதாக.
அந்த வாரம் நான் அறுத்த எதுவும் பிசகவில்லை.
ஆ லியோங்கிடம் சம்பள உயர்வுகூடக் கேட்டேன்.
தவ்கே கணக்குப் பொறியைத் தட்டிக்கொண்டே
அடுத்த மாசம் என்றார்.

நான்காம் ஞாயிறு,
பிடித்தக் கணக்கு ஏடு.
கண்ணாடி என்ற தலைப்பின் கீழ் பதினொரு பேர்.
அதில் ஒன்பது சிறுவர்கள்.
பால்மரத்துக்குக் கண்ணாடி மங்கு கட்டிய காலம் அது.
கழுவ வேண்டும், துடைக்க வேண்டும்,
கூடையில் சுமந்து மரத்துக்கு மரம் கவிழ்க்க வேண்டும்.
வீரபத்திரன்: உடைத்தது 14.
ஒன்றுக்கு ஐந்து காசு வீதம்
பிடித்தம் எழுபது காசு.

செய்தவன் இல்லை. உடைத்தவன்.

குழுவில் இதைப் போடவில்லை.
மாலையில் அந்த நிரைக்குப் போனேன்.
இப்போது செம்பனை.
மழை அரித்த வாய்க்கால் கரையில்
கட்டைவிரல் அளவு ஒரு சில்லு,
பச்சை கலந்த வெள்ளை, நடுவில் ஒரு குமிழி.
யாரோ ஊதிய மூச்சு என்று
இங்கே எழுத ஆசைதான்.
தவ்கே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்:
அச்சில் அழுத்தினது. மிஷின்.
குமிழி இருந்தால் மட்டமான சரக்கு.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
வீட்டுக்கு வருவதற்குள் பையைக் கிழித்திருந்தது.

அத்தை பசியாறிக்கொண்டிருந்தாள்.
ரொட்டியைக் கோப்பியில் முக்கியபடி
படிக்கச் சொன்னாள். படித்தேன்.
பெயர், வயது, தேதி.
இது போதும் அத்தை, இதை வைத்து மனுப் போடலாம்.

தொழிலைப் பற்றி அவள் கேட்கவில்லை.
கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.
அது என்ன?

வரவு முப்பது காசு,
பாக்கி நாற்பது, அடுத்த பக்கம் பார்க்க.

அடுத்த பக்கம்?

கறையான் தின்றுவிட்டது என்றேன்.

ரொட்டி கோப்பிக்குள் முறிந்து விழுந்தது.
எடுக்கவில்லை.
தலையணைக்கடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்துக்
காசுகளை மேசையில் பரப்பத் தொடங்கினாள்:
பாக்கி நின்னா அட்டை தரமாட்டாங்க, தம்பி.
எண்ணிக்கோ.