கொசுறு

"கொழுப்பை எடுத்துட்டுக் குடுங்க பாய்" என்றேன்.
பக்கத்தில் நின்றவர்
"யாருக்கு?" என்றார்.
முனவ்வர் பாய் சிரிக்கவில்லை, கத்தியைத் தீட்டினார்.

பேரணாம்பட்டில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
கைமாவுக்கு ஆள் குறைவு.
தொங்குகிற தொடையில்
வெள்ளை படாத பக்கத்தைத் தொட்டுக் காட்டி
இங்கிருந்து என்பேன்.
அரைக்கிலோ போதும்,
மிச்சத்துக்கு வீட்டில் சுரைக்காய் இருக்கிறது.

மெஷினில் போட வேண்டாம்.
எனக்கு முன்னால் வாங்கிப் போனவரின் கொழுப்பு
அதன் தொண்டையில் நிற்கும்.
முதல் பிடி எப்போதும் அடுத்த வீட்டுடையது.
புளியங்கட்டையில் வைத்துக் கொத்துங்கள்.
"நேரம் ஆவும்மா."
ஆவட்டும்.
ஒரு கத்தி விழ ஒரு கத்தி எழ
பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கொஞ்ச நேரம்
காதில் இல்லாமல் போகும்.

வேலூர் ஆஸ்பத்திரியில்
சின்ன வயசு டாக்டரம்மா
காகிதத்தைத் திருப்பி வைத்து
ஓர் எண்ணுக்குக் கீழே கோடு போட்டாள்.
"ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி."
சம்பங்கி என்னைத்தான் பார்த்தான்,
வீட்டில் நான் திட்டுகிற வார்த்தையை
அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பது போல.

இருபத்தோரு வருஷமாக
கொழுப்பை எடுப்பதுதான் அவன் பிழைப்பு.
தோல் ஷாப்பில் சீவுகிற மெஷின் முன்னால் நின்று
சுண்ணாம்பில் ஊறிய தோலை
உட்பக்கம் விரித்துக் கொடுப்பான்.
சவ்வும் கொழுப்பும் வழுக்கிக்கொண்டு
காலடியில் குவியும்.
குன்றிமணி அளவு ஒட்டியிருந்தாலும்
மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார்.
அப்பேர்ப்பட்டவன்
ராத்திரி தட்டைப் பார்த்துக் கேட்கிறான்:
"கொழுப்பு இல்லாம ருசி எங்க கீது?"

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
கொழுப்பில்லாத கறிக்கு ஒரு பிடிவாதம் உண்டு.
தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால்
மணல் மாதிரி உதிர்ந்து பல்லுக்குப் போகும்.
இஞ்சி பூண்டு வாசம் அடங்கியதும்
கைமாவைப் போட்டு, சுரைக்காயைத் துருவிச் சேர்த்து
மூடிவைத்துவிட்டு
களிக்கு உலை வைக்கப் போய்விட வேண்டும்.
யாரும் பார்க்காதபோது அது இறங்கி வரும்.
களி உருண்டை நடுவில் குழி, குழியில் குழம்பு,
அவ்வளவுதான் எங்கள் ராத்திரி.
ஜெனிட்டா சுரைக்காயை ஓரமாக ஒதுக்குவாள்,
துருவினதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ.

மூணு மாசத்தில் எண் கொஞ்சம் இறங்கியது.
"வீட்டுல நல்லாப் பாத்துக்கறாங்க" என்றாள் டாக்டரம்மா.

இப்போது சொல்லிவிடுகிறேன்.
வெட்டி எடுத்த கொழுப்பை முனவ்வர் பாய் எறிவதில்லை.
தனித்தாளில் மடித்துக் கைமா மேல் வைத்து
"கொசுறு, காசு வாணாம்" என்பார்.
முதல் வாரம் நாய்க்குப் போட்டேன்.
இரண்டாம் வாரம் நாயைக் காணவில்லை.
அதற்குப் பிறகு
நான் நாயைத் தேடவில்லை.

ஷிப்டு முடிந்து அவன் வர ஆறேகால்.
ஐந்தரைக்கு இரும்புச் சட்டியில்
எண்ணெய் இல்லாமல்
துண்டுகள் தாமாக உருகித் தாமாகப் பொரிந்து
ஓரம் சிவந்து சுருங்கும்.
கல்லுப்பு, ஒரு பச்சை மிளகாய்.
பின்கதவைத் திறந்துவைத்து
நின்றுகொண்டே தின்பேன்.
சட்டியை இரண்டு தரம் தேய்ப்பேன்.
என் ரத்தத்தை இதுவரை
யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

நேற்று ஷாப்பில் கரண்டு இல்லையாம்,
ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டான்.
சைக்கிளைச் சாய்த்தவன்
வாசலில் அப்படியே நின்றான்.
நாளெல்லாம் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஏறிய மூக்கு,
அதற்கு ஒன்றும் தெரியாது என்றுதான்
நான் நினைத்திருந்தேன்.

உள்ளே வந்தான், கை கழுவினான்.
சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.
"உனக்குத்தான்டி" என்றான்,
மீதி வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு
களிக்கு உட்கார்ந்தான்.