ஏழு மணி பத்து நிமிடம்

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே
ஒரு நிமிடம்.
அவன் மூலைக்கு வந்து சேர ஐந்து விநாடி போகும்,
முக்காலி போட மூன்று.
மிச்சமெல்லாம் ஃபெர்மின் கத்துவதற்கு.
அந்தக் கத்தலுக்குக் கீழே குனிந்து
லிசாந்த்ரோ பிராம்வெல்லின் முகத்தை
இரண்டு கைகளில் வாங்கிக்கொள்வேன்.
பஞ்சு, மருந்து, வாசலின்,
ஐஸில் கிடந்த இரும்புத் துண்டு.
எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே அழுத்து.
அவ்வளவுதான் என் வேலை.

முதலில் பார்த்தபோது அவனுக்குப் பத்தொன்பது.
கோலோன் அரசு மருத்துவமனை, தையல் வார்டு,
வெளியே கூரையைப் பெயர்க்கிற மழை.
புருவத்தில் ஊசி ஏறும்போது கேட்டான்:
இதில் மறுபடி அடி வாங்க எத்தனை நாளாகும்?
பத்து என்றேன்.
ஆறாம் நாள் வந்து நின்றான், அதே இடம் பிளந்து,
ஜெயித்துவிட்டு.

பதினான்கு வருடம் பட்டம் அவனிடம் இருந்தது.
நாற்பத்தொன்பது கிலோ.
ஊரே தேங்காய்ச் சோறு தின்னும் ஞாயிறுகளில்
ஐஸ்கட்டியை உறிஞ்சி உறிஞ்சித் துப்புவான்.
எதிரிகளின் பெயர் எனக்கு நிற்பதில்லை.
கொரியாக்காரன் என்றால் வலப்புருவம், நான்கு தையல்.
வெனிசுவேலாக்காரன், தலையால் முட்டியவன்.
மனிலாப் பையன் ஒரு கீறல்கூடப் போடவில்லை;
அன்றிரவுதான் இவன் சிறுநீர் சிவப்பாய்ப் போனது.
விழுப்புண் என்பார்கள்.
என் நோட்டில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது.

பேருந்தின் முதுகில் அவனை வரைந்திருந்தார்கள்,
ஒரு தழும்பும் இல்லாமல், பல்லெல்லாம் வெள்ளையாய்.
பிறகு அந்தப் பேருந்து கம்பத்தில் இடித்து
படத்தின் இடப்புருவம் உள்வாங்கியது.
இப்போதுதான் ஜாடை வந்திருக்கிறது என்று சிரித்தான்.
அந்தக் கண்தான் முதலில் மங்கியது.

எனக்கு மட்டும் தெரியும்.
மற்றதும் புகை மூட்டம் என்று பின்னால் சொன்னான்,
கடைத்தெருவில் விலை சொல்வதுபோல.
மருத்துவர் மேடையேறி விரல்களைக் காட்டுவார்.
துண்டால் துடைக்கிற சாக்கில் என் கை அவன் பிடரியில்.
மூன்றென்றால் மூன்று தட்டு.
மூன்று! என்பான் லிசாந்த்ரோ, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.
இப்படி மூன்று சண்டைகள் போயின.
கோலோனில் வெடி போட்டார்கள்.
என் விரல் ஜெயித்த சண்டைகள் என்று
நான் யாரிடம் சொல்ல?

பிறகு ஒசாகா. ஒன்பதாம் சுற்று முடிந்திருந்தது.
கண்ணாடி போட்ட மெலிந்த மருத்துவர்
இரண்டு விரல் காட்டினார்.
என் கை பிடரியில்தான் இருந்தது.
பிடரி காத்திருந்தது.
அதன் தோல் லேசாகத் துடித்ததுகூட ஞாபகமிருக்கிறது.

நான் தட்டவில்லை.

இரக்கம் என்று சொல்லாதீர்கள்.
களைப்பாகவும் இருக்கலாம்.
ஒரு நிமிடத்துக்குள் எதையும் யோசித்து முடிக்க முடியாது.

நான்கு, என்றான்.
அவ்வளவு உறுதியாக அவன் எதையும் சொல்லி
நான் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டு சண்டை, நானூற்று எண்பத்தெட்டு சுற்று.
இடைவேளைகளை மட்டும் கூட்டிப் பார்த்தேன் ஒருநாள்:
ஏழு மணி பத்து நிமிடம்.
மருத்துவமனையில் ஒரு இரவு ஷிப்டுக்கும் குறைவு.
இவ்வளவு நேரம்தானா
அந்த முகம் என் கையில் இருந்தது?

இப்போதும் சனிக்கிழமை வருகிறான்.
சுவரைத் தொட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி,
வாசலில் நின்று, டெல்சா, காப்பி இருக்கா, என்பான்.
ஒசாகாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.
கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்,
என்ன பதில் என்றுதான் தெரியாது.

டொமினோ ஆடுகிறோம்.
கட்டையைக் கவிழ்த்துப் பிடித்து
உடைந்து கூடிய கட்டைவிரலால்
குழிகளைத் தடவுகிறான்,
அவசரமே இல்லாமல்,
ஒரு நிமிடத்துக்கும் மேலே.

இரண்டு, என்கிறான்.

எட்டிப் பார்க்கிறேன்.
இரண்டுதான்.