நாலாம் நாள் இறைச்சி

ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழியில்
மேசைவிரிப்புக்குக் காற்று மரியாதை தராது.
நான்கு முனையிலும் கூழாங்கல் வைத்துத் தைத்திருக்கிறோம்.

காற்றாலைக்கு நிலம் விற்ற காசில்
ஞானசிகாமணி முதலாளி கட்டிய ஜெர்மன் உணவகம்.
பலகைச் சுவர். மான்கொம்பு, பிளாஸ்டிக்.
ஆளுக்கு மூன்று முள்கரண்டி.
எது எதற்கென்று
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துத்தான் பரிமாறுகிறேன்.

அடுப்பில் கடியபட்டணம் ததேயு அண்ணன்.
மஸ்கட்டில் ஒரு ஜெர்மன் ஓட்டலில் பதினொரு வருசம்.
ஜெர்மனி போனதில்லை.
"மஸ்கட்டை மட்டும் கண்டேனாக்கும்? அடுப்பைக் கண்டேன்" என்பார்.
மாட்டிறைச்சியை நாலு நாள் வினிகரில் ஊறப்போடுவார்.
திராட்சை வினிகர் வராத வாரம்
தென்னங்கள் புளித்தது.
முதலாளிக்கு அது தெரியாது.

நேற்றுதான் முதல் ஜெர்மன்காரர் வந்தார்,
காற்றாடி இறக்கையில் கயிறு கட்டித் தொங்கிப்
பழுது பார்க்கிறவர். முழங்கையெல்லாம் கிரீஸ்.
முதலாளி டை தேடி ஓடினார்.
ததேயு அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.
ஒரு துண்டு வெட்டினார். மென்றார்.
அடுக்களைக் கதவிடுக்கில் நாங்கள் ஐந்து பேர்.

நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.
ஆனால் இது தெற்கத்திச் சாப்பாடு, நான் வடக்கு,
கடலோரம்,
எங்கள் வீட்டில் மீன்தான்.

ததேயு அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"கடப்பொறத்து ஆளாக்கும்டே இவன்!"
எங்களுக்கென்று வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும்
தங்க விளிம்புத் தட்டில் போயின.
மூன்று முள்கரண்டியும் வைத்தது வைத்தபடி.
முள்ளை நாக்கால் பிரித்து
ஓரத்தில் ஒதுக்கினார் பாருங்கள்,
அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

பில்லில் என்ன போட?
சாளை எங்கள் பட்டியலில் கிடையாது.
முதலாளி "இறைச்சி ஒன்று, ஆயிரத்து நானூறு" என்று எழுத,
ததேயு அண்ணன் கரிக்கையோடு வந்து
அதை அடித்துவிட்டுப் போனார்.
இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

பானையில் இன்றைக்கு நாலாம் நாள்.
பள்ளியாடியிலிருந்து புதுமணத் தம்பதி,
இரவு எட்டு மணிக்கு மேசை கேட்டிருக்கிறார்கள்.
கரண்டி பிடிக்கவும் சொல்லித்தர வேண்டுமாம்.
உள்ளங்கையை விரித்து எழுதப் பார்க்கிறேன்,
நேற்று நானும் அள்ளித் தின்ற சாளையின் நெய்,
எத்தனை சோப்பு போட்டும்
மை பிடிக்க மாட்டேன் என்கிறது.