பதினாலாவது மாதம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, ஐம்பத்திரண்டு பெட்டி.
எண்ணி முடித்தபோது
இனி ஊசி வேண்டாம் என்று தோன்றியது.

மூன்று வருஷம் என்றிருந்தார்கள்.
குத்திய பின் அரைமணி பெஞ்சு.
ஜெசிந்தா சிஸ்டர் பிளாஸ்டிக் ஸ்கேலால்
வீக்கத்தை அளப்பாள்:
"மூணு சென்டிமீட்டர், பரவால்ல."
ஒருமுறை உதடு தடித்து, தொண்டை அடைத்து
தொடையில் அவசரமாய் வேறொரு ஊசி.
அரைநாள் சம்பளமும் போனது.
பிறகு அளவைக் குறைத்தார்கள்,
நாட்களைக் கூட்டினார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில்
இன்னும் நிற்கிறது பாதிக் குப்பி:
வீட்டுத்தூசிப் பூச்சியைக் கரைத்த தண்ணீர்.
என்ன இது என்ற எபினேசரிடம்
கண் மருந்து என்றேன்.

கை வீங்குவதில்லை.
ஐஸ் தட்டு மோருக்குத் திரும்பிவிட்டது.
மணலிப் பக்கமிருந்து காற்று வரும் ராத்திரிகளில்
தும்மலை எண்ணுகிறேன்,
ஒன்பது, பத்து.
முன்பெல்லாம் இருபதைத் தாண்டும்.
உடம்பு எதையோ பாதி படித்திருக்கிறது.
எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்குமோ.

சிஸ்டர் இரண்டு தடவை போன் செய்தாள்.
எடுக்கவில்லை.

இன்று கேட் திறந்தே கிடக்கிறது.
நேராகப் போனால் ஆஸ்பத்திரி,
இடப்பக்கம் வேலை.
வண்டியை நிறுத்தி மூக்கைச் சிந்துகிறேன்.
பின்னால் ஒரு ஆட்டோக்காரர்
ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை.