மேட்சிங் சென்டர்

சின்னக் கீறல்தான்.
சுருட்டி உள்ளே விட்டால்
தானே விரியுமாம் லென்ஸ்.
தையலே கிடையாது என்றார் டாக்டர்.
எம்.சி. ரோட்டில்
இருபத்தாறு வருஷமாய் ஜாக்கெட் பிட் கிழிப்பவள்,
சிரித்துவிட்டேன்.

கிட்டத்துக்கா, தூரத்துக்கா?
துணி விரிக்கிற தூரத்துக்கு, சார்.

எட்டாம் நாள் கடையில்
இடது கண்ணை மூடினால் வெள்ளை.
வலதை மூடினால்
அதே துணி டீக்கறை.

போன ஆடித் தள்ளுபடியில்
கொருக்குப்பேட்டை எஸ்தர்
என்னை வெயிலுக்கு இழுத்துப்போனாள்.
"கறுப்பு குடுத்துட்டக்கா,
என் பொடவ கருநீலம்."
கண்ணு தெரியலையாடி உனக்கு என்று
கத்தி அனுப்பினேன்.

இன்று
எண்பது சென்டிமீட்டர் அளந்தேன்,
அவளுக்கு.
கத்தரி பாதியில் நிற்கிறது.

பதினோரு கருநீலம் இருக்கிறது கடையில்.
அந்தப் புடவையையும்
பழைய கண்ணால்தானே பார்த்தேன்.